பாவாயி வீட்டு எர்த் கம்பி

எங்கள் கிழக்குப் பாவடித் தெருவில் வலி நின்றுபோனது ஒரு புதன்கிழமை காலை பத்தேகாலுக்கு, முதல் ஷிப்டுக்காரர்கள் டீ குடித்துவிட்டுத் திரும்பித் தறியை ஓட்டிய நேரத்தில். அவ்வளவு துல்லியமாக நான் சொல்வதற்குக் காரணம், பதினொரு வருஷமாக என் வலது முழங்காலில் குடியிருந்த வலி அந்த நிமிஷத்தில் எழுந்து போனது, தறி நாடாவுக்குள் வைக்கும் தார்க் கட்டையில் நூல் சுற்றிக்கொண்டிருந்த நான் மிஷினை நிறுத்திவிட்டு, என்னவோ காணாமல் போய்விட்டதே என்று மடியையும் முந்தானையையும் தடவித் தேடினேன். முழங்காலைத்தான் தேடுகிறேன் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

இதற்கெல்லாம் மூலம் பாவாயி. எட்டுத் தறி போட்ட பட்டறைக்காரி, நல்லமுத்துவின் மனைவி, என் எதிர்வீட்டுக்காரி, எனக்கு வேலை கொடுத்தவள், ஆனாலும் ஒரு நாளும் முதலாளியம்மா என்று கூப்பிட விட்டதில்லை. பங்குனியில் அவளுக்கு அக்கி கண்டது, வலது மார்புக்குக் கீழே கிளம்பி விலாவைச் சுற்றி முதுகு வரைக்கும் ஒரு சாண் அகலத்துக்குக் கொப்புளம் போட்டது, பானை வனையும் வேளார் வந்து காவியைக் குழைத்து மூன்று நாள் அதன்மேல் சிங்கம் எழுதினார், நாலாம் நாள் கொப்புளம் வாடியது, இருபதாம் நாள் தோல் உரிந்து பழைய தோல் வந்தது, எல்லோரும் தலை முழுகியாயிற்று என்று நினைத்தோம். ஆனால் அக்கி போன இடத்தில் வலி மட்டும் தங்கிவிட்டது. ரவிக்கைத் துணி பட்டால் நெருப்பு, மின்விசிறிக் காற்று பட்டால் நெருப்பு, தண்ணீர் ஊற்றினாலும் நெருப்பு, ஈரத் துண்டைச் சுற்றிக்கொண்டு சுவரில் இடது தோளைச் சாய்த்து உட்கார்ந்தபடியே ஏழு மாசம் தூங்கினாள் அவள்.

கடைசியில் பெரியாஸ்பத்திரியில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு பெட்டி கொடுத்தார்கள். இரண்டு ஒயர், நான்கு ஒட்டு, உள்ளே ஒரு பேட்டரி. அங்கே அதற்கு டென்ஸ் என்று பேர், எங்கள் தெருவில் வலி மிஷின். பிசியோதெரபி அம்மா பொறுமையாகத்தான் சொல்லி அனுப்பினார்.

"உங்க தோல் ஆறிடுச்சும்மா, நரம்புதான் இன்னும் ஆறல. எரியுது எரியுதுன்னு அதே சேதியைத் திரும்பத் திரும்பச் சொல்லிட்டே இருக்கு. இந்தச் சின்னக் கரண்டு குறுக்க பூந்து பேசும், மூளைக்கு அந்தச் சேதி சரியாக் கேக்காது. ஒரு தடவைக்கு அரை மணி நேரம், ஒரு நாளைக்கு மூணு தடவை. அதுக்கு மேல வேண்டாம்."

கரண்டு என்ற சொல்லைக் கேட்டதுமே பாவாயிக்குப் பயம், எங்கள் தெருவில் யாருக்குத்தான் பயமில்லை. ஐப்பசி மழையில் தறியின் இரும்புச் சட்டத்தைத் தொட்டால் பல்லைக் கிட்டவைக்கும் ஊர் இது, எனக்குத் தெரிந்து மூன்று பேர் தறியோடு ஒட்டிக்கொண்டு செத்திருக்கிறார்கள், அதனால் எங்கள் ஆட்கள் வீட்டு மிக்சியைக்கூட எர்த் இல்லாமல் தொடமாட்டார்கள். பட்டறைக்குப் பின்னால் ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டி, செம்புத் தகடு இறக்கி, உப்பும் கரியும் மாற்றி மாற்றிக் கொட்டி, தினம் ஒரு குடம் தண்ணீர் ஊற்றி ஈரம் காயாமல் வைத்திருப்போம். கள்ளக் கரண்டு எதுவானாலும் அந்தக் குழியில் இறங்கிவிடும்.

அந்தப் புதன்கிழமை பட்டறையில் மோட்டார் பார்க்க வந்த ஃபிட்டர் அர்த்தனாரி, பாவாயி கையில் பெட்டியை வைத்துக்கொண்டு பித்தானைத் தொடாமல் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டான்.

"ஏனுங்க்கா, எர்த்தே இல்லாம கரண்டக் கொண்டுபோயி உடம்புல ஒட்டச் சொன்னாங்களா? படிச்சவங்க செய்யற வேலையா இது?"

"பேட்டரிதானப்பா. ஒண்ணும் ஆவாதுன்னாங்க."

"அவங்க சொல்லுவாங்க. புடிச்சு இழுத்தா நாமதான சாவோணும்."

திருப்புளியால் பெட்டியைத் திறந்தான், பச்சை ஒயர் ஒன்றைப் பற்றவைத்தான், அதை ஜன்னல் வழியே இழுத்துக்கொண்டு போய் எர்த் குழியின் கம்பியோடு முறுக்கிவிட்டான், ஒரு குடம் தண்ணீரும் ஊற்றினான். "இப்பப் போடுங்க்கா, பயமில்லே" என்றான். பாவாயி மாரியாத்தாளைக் கூப்பிட்டுக்கொண்டே பித்தானைத் திருகினாள். அதுதான் பத்தேகால்.

அவளுடைய எரிச்சல் அப்படியே தரைக்குள் இறங்கியது, அது போகும்போது தெருவில் இருந்த மற்ற வலிகளையும் கூட்டிக்கொண்டு போனது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து டிரான்ஸ்பார்மர் வரைக்கும் அறுபத்திரண்டு வீடு, அத்தனை வீட்டிலும் பல்வலி, இடுப்பு வலி, தலைவலி, புண், கட்டி, சுளுக்கு எதுவும் வலிக்கவில்லை. டிரான்ஸ்பார்மரைத் தாண்டிக் கால் வைத்தால் வலித்தது, ஒரு அடி பின்னால் வந்தால் வலிக்கவில்லை. அரை மணி கழித்துப் பாவாயி பித்தானை அணைத்ததும் வலிகளெல்லாம் அவரவர் இடத்துக்கு ஒழுங்காகத் திரும்பி வந்தன, அன்று சாயங்காலம் அவள் மறுபடி திருகியபோது மறுபடி போயின, இப்படித்தான் காரணம் இன்னதென்று கண்டுபிடித்தோம்.

ஆச்சரியப்பட எங்களுக்கு நேரமில்லை. மறுநாளே அவள் வாசலில் ஆளுக்கொரு பேட்டரியோடு நின்றோம், அணைக்காதே பாவாயி, அரை மணி போதாது பாவாயி, பகல் முழுக்க ஓடட்டும், ராத்திரியும் ஓடட்டும். ஏழு மாசம் உட்கார்ந்து தூங்கியவளுக்கும் அது கசக்குமா என்ன. ஆஸ்பத்திரி அம்மா சொன்ன அரை மணிக் கணக்கு காற்றில் போனது, பெட்டி அவள் இடுப்பிலேயே குடியேறியது, பச்சை ஒயரை நீளமாக்கி வீடும் பட்டறையும் முழுக்க நடக்கிற மாதிரி அர்த்தனாரி செய்து கொடுத்தான். நான் பதினொரு வருஷத்துக்குப் பிறகு தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சோறு தின்றேன். நல்லமுத்து ஆஸ்துமா மாத்திரை தவிர மற்ற மாத்திரைகளைத் தூக்கி எறிந்தார். அந்த ஒரு வாரம் தெருவே கல்யாண வீடு.

ஒன்பதாம் நாள் பயம் வந்தது. அன்று மத்தியானம் பேட்டரி தீர்ந்து பெட்டி நின்றுவிட்டது, வேறு பேட்டரி மாற்ற ஒரு நிமிஷம் ஆயிருக்கும், அந்த ஒரு நிமிஷத்தில் எட்டு நாளாக எங்களுக்கு வலிக்காமல் போன அத்தனையும் மொத்தமாகத் திரும்பத் தொடங்கியது. இடித்துக்கொண்ட கால் விரல், சுட்டுக்கொண்ட நாக்கு, ஒவ்வொரு மணி நேரத்துக்கும் வலித்திருக்க வேண்டிய என் முழங்கால், எல்லாம் ஒரே நேரத்தில். தெருவில் நின்றவர்கள் நின்ற இடத்தில் விழுந்தார்கள். பேட்டரி போட்டதும் வந்த வலி பாதியிலேயே திரும்பிப் போனது, எழுந்து மண்ணைத் தட்டிக்கொண்டோம், ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.

வலி எங்கேயும் போகவில்லை, குழியில் காத்திருக்கிறது. அதைப் புரிந்துகொண்ட பிறகு நாங்கள் செய்திருக்க வேண்டியது அன்றைக்கே பெட்டியை அணைப்பதுதான், எட்டு நாள் வலியை எப்படியாவது பட்டுத் தீர்த்திருக்கலாம். நாங்கள் செய்தது வேறு. அர்த்தனாரியிடம் சொல்லிப் பெட்டிக்குள் இரண்டாவது பேட்டரியும் வைக்கச் சொன்னோம், ஒன்று தீர்வதற்குள் இன்னொன்று பிடித்துக்கொள்ளும்படி. நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்றோம், மறுநாளும் அதையே சொன்னோம், நாள் ஏற ஏற அணைக்கிற தைரியம் இறங்கிக்கொண்டே போனது. குழிக்கு ஊற்றும் தண்ணீர் கொதித்து ஆவியானது, ஒரு குடம் போதாமல் நான்கு குடம் ஊற்றினோம், ஓரங்களில் உப்பு வெள்ளையாகப் பொங்கி வழிந்தது, அந்தப் பக்கம் கோழிகூட மேயவில்லை.

அடுத்த பயம் உடம்பு. தறி ஓட்டும் குருநாதனுக்கு இரண்டு விரல்களின் நுனி போனது அவனுக்கே தெரியாது, நெய்த துண்டுகளை மடிக்கும்போது துணிக்குள்ளிருந்து அவற்றை எடுத்தார்கள். அதற்குப் பிறகுதான் உடம்பு பார்க்கிற வழக்கம் வந்தது. சாயங்காலம் ஷிப்டு மாறும் சங்கு ஊதினதும் வீட்டுக்கு வீடு குழல் விளக்கைப் போட்டு, ஒருவர் உடம்பை ஒருவர் பார்ப்போம், உள்ளங்கால், விரலிடுக்கு, முதுகு, காதுக்குப் பின்னால், குழந்தைகளின் நாக்கு. பத்து வருஷமாகப் பேசாத புருஷன் பெண்டாட்டிகூட எதிரெதிரே உட்கார்ந்து காலை மடியில் வைத்துப் பார்த்தார்கள். ஒண்டிக்கட்டையான என்னைப் பாவாயி பார்த்தாள், நான் அவளைப் பார்த்தேன். ஒருநாள் அவள் என் கையைத் திருப்பிவிட்டு மூச்சைப் பிடித்துக்கொண்டாள். காலையில் இட்லிச் சட்டியைத் துணி இல்லாமல் இறக்கியிருக்கிறேன், இடது உள்ளங்கையில் தோலே இல்லை.

"ராஜாமணி, இது வலிச்சா எப்படி வலிக்கும்னு நெனச்சுப் பாத்தியா?"

நான் அதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். அன்றிலிருந்து குழிக்குத் தண்ணீர் ஊற்றும் என் முறையை வேறு யாரிடமாவது தள்ளிவிட்டேன். தெருவில் எல்லாருக்கும் அப்படி ஏதோ ஒரு புண் இருந்தது, அதைத் துணி சுற்றி மறைத்துக்கொண்டு, பாவாயியின் இடுப்பில் பெட்டி ஓடுகிறதா என்று ஓரக்கண்ணால் பார்த்தபடி நடந்தோம்.

இந்தச் சமயத்தில்தான் பாவாயியின் மகள் கோகிலா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பவானியில் கட்டிக்கொடுத்த பெண், ஒன்பதாம் மாசம் வளைகாப்புப் போட்டு, கண்ணாடி வளையல் இரண்டு கையும் குலுங்க அம்மா வீட்டுக்கு அழைத்து வந்தார்கள். எங்கள் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு, குடுத்து வெச்சவடி நீ, வலியே இல்லாமப் பெத்துக்கப் போற என்று கன்னத்தைக் கிள்ளினார்கள். அவளும் சிரித்தாள். பாவாயி மட்டும் சிரிக்கவில்லை.

"வலி வராட்டி, நேரம் வந்துருச்சுன்னு எப்படித் தெரியும்?" என்று என்னைக் கேட்டாள். ஒயரை விட்டு அவளால் நகர முடியாது, நான்தான் கோகிலாவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய் இப்போதே சேர்த்துக்கொள்ளுங்கள் என்று கேட்டேன், வலி வந்ததும் கூட்டிட்டு வாங்கம்மா, கட்டில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். தேதிக்கு இன்னும் மூன்று வாரம் இருந்தது. தெருவுக்கு வெளியே வேறு யார் வீட்டிலாவது வைக்கலாமா என்றால், மாசம் நிறைந்தவளை வீடு மாற்றக் கூடாது என்று நல்லமுத்து ஒரே பிடியாக நின்றார். அதனால் பாவாயி தானாக ஒரு வழி கண்டுபிடித்தாள். தினம் காலையிலும் சாயங்காலமும் மகளை டிரான்ஸ்பார்மர் வரைக்கும் நடத்திக்கொண்டு போவோம், பாவாயி ஒயர் எட்டும் இடத்தில் நின்றுகொள்வாள், நான் கோகிலாவின் கையைப் பிடித்து அந்தப் பக்கம் கூட்டிப் போய் நிறுத்துவேன்.

"வலிக்குதா கண்ணு?" என்று இந்தப் பக்கமிருந்து பாவாயி கத்துவாள்.

"இல்லம்மா, இடுப்புதான் கொஞ்சம்."

"இன்னும் கொஞ்ச நேரம் நில்லு சாமி."

நிற்பாள். என் உள்ளங்கையும் முழங்காலும் அந்தப் பக்கம் காலெடுத்து வைத்ததும் துடிக்கும், பல்லைக் கடித்துக்கொண்டு நானும் நிற்பேன். அது அன்றன்றைக்கு உள்ள வலிதான், பழைய பாக்கியெல்லாம் குழியில் கிடந்தது. அப்படி நிற்கிற ஒவ்வொரு தடவையும் குழியில் கிடப்பது எவ்வளவு இருக்கும் என்று மனசு தானாக யோசிக்கும்.

நாற்பத்து மூன்றாம் நாள் காலை கோகிலா நடக்கவில்லை. உடம்பு அசதியாக இருக்கிறது, சாயங்காலம் போகலாம் என்றாள், நாங்களும் விட்டுவிட்டோம். மத்தியானம் சாப்பாட்டுக்கு எழுப்பப் போன பாவாயி ராஜாமணீ என்று கூப்பிட்ட குரல் எட்டுத் தறிச் சத்தத்தையும் தாண்டி எனக்குக் கேட்டது. கோகிலா பாயில் உட்கார்ந்து எங்களைப் பார்த்துச் சிரிக்கப் பார்த்தாள், "கால் ஈரமாயிருக்குதும்மா, தண்ணி சிந்திட்டேனாட்ட இருக்குது" என்றாள். பாய் முழுக்க ரத்தம். வயிறு மரக்கட்டையாய் இறுகியிருந்தது, விட்டு விட்டு இறுகாமல் ஒரேயடியாக இறுகியிருந்தது, எத்தனை நேரமாக அப்படி இருந்ததோ யாருக்குத் தெரியும், வலி இருந்தால்தானே.

போன் போட்டதும் சுகாதார நிலையத்து நர்சம்மா வண்டியில் வந்து இறங்கினார். தெருவுக்குள் நுழைந்ததும் தன் தலைவலி நின்றதைக்கூட அவர் கவனிக்கவில்லை. நாலே நிமிஷத்தில் வெளியே வந்தார், முகத்தில் சொட்டு ரத்தமில்லை.

"தலை வாசல்ல வந்து நிக்குது. பொண்ணு முக்கவே இல்ல. முக்கு முக்குன்னு கத்தறேன், எங்க முக்கறதுன்னு அவளுக்குத் தெரியல. ஆம்புலன்ஸ் ஆத்துப் பாலத்துக்கு அந்தப் பக்கம் நிக்குதாம். இப்பத் தூக்கவும் முடியாது, தூக்குனா ரெண்டு உசுரும் போயிரும். அவளுக்கு வலிக்கோணும். இப்பவே வலிக்கோணும்."

பாவாயியின் கை இடுப்புக்குப் போனது.

அந்தக் கையை நாங்கள் பிடித்துக்கொண்டோம். யார் சொல்லியும் இல்லை, கூடிப் பேசியும் இல்லை, முற்றத்தில் நின்ற இருபது முப்பது பேரும் ஒரே மூச்சில் அவள்மேல் போய் விழுந்தோம், குருநாதன் தோளைப் பிடித்தான், அர்த்தனாரி பெட்டியை அமுக்கிப் பிடித்தான், வேண்டாங்க்கா வேண்டாங்க்கா, நாப்பது நாளுங்க்கா, செத்துருவோமுங்க்கா என்று அவன் அழுதான். வலது மணிக்கட்டைப் பிடித்திருந்தது நான். அந்தப் பெண்ணைத் தினம் இரண்டு வேளை கைப்பிடித்து நடத்திய அதே கையால் அவள் அம்மாவைப் பிடித்திருந்தேன், விடவேண்டும் என்று தெரிந்தது, விரல் விடவில்லை, அவ்வளவு பயம்.

பாவாயி திமிறவில்லை. என்னை மட்டும் பார்த்தாள்.

"உன்ற வலி பெருசுதான் ராஜாமணி. எனக்கும் நாப்பது நாள் எரிச்சல் அங்கதான் கெடக்குது. ஓடறவங்க டிரான்ஸ்பார்மரத் தாண்டி ஓடுங்க, அங்க வராதோ என்னமோ, பத்து எண்ணற வரைக்கும் நிக்கறேன். அதுக்கு மேல என்ற பொண்ணுக்குத் தாங்காது. கைய விடு."

ஒன்று என்றாள். சிலர் ஓடினார்கள், குழந்தைகளை இடுப்பில் அள்ளிக்கொண்டு ஓடினார்கள், கிழவர்களைச் சைக்கிளில் வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடினார்கள். நான்கு என்றபோது அர்த்தனாரி பெட்டியிலிருந்து கையை எடுத்துவிட்டுக் குழியோரம் போய் உட்கார்ந்துகொண்டான், ஓடவில்லை. ஏழு என்றபோது அவள் கையை நான் விட்டேன். விட்டேன் என்று சொல்கிறேனே தவிர, என் விரல்களை என் மறு கையால் ஒவ்வொன்றாகப் பிரித்தெடுத்தேன் என்பதுதான் நிஜம். பிறகு ஓடலாம் என்று திரும்பினேன், வெட்கமோ என்ன எழவோ, கால் நகரவில்லை, அங்கேயே நின்றேன்.

பத்து. அவள் பித்தானைத் திருகவில்லை, ஒட்டுகளைத் தோலோடு பிய்த்து எறிந்தாள்.

வந்தது. நாற்பது நாளாக நான் நடந்த ஒவ்வொரு அடியும் என் முழங்காலில் வந்தது, இட்லிச் சட்டி என் கையில் வந்தது, கையை அறுத்து எறியலாம் போல இருந்தது, டிரான்ஸ்பார்மருக்கு அந்தப் பக்கம் ஓடியவர்களையும் அது விடவில்லை, அங்கேயும் விழுகிற சத்தம் கேட்டது. அறுபத்திரண்டு வீட்டிலிருந்தும் ஒரே கத்தல், குருநாதன் விரல் விரல் என்று மண்ணில் புரண்டான், வானமே கிழிந்துபோகிற மாதிரி அத்தனை பேரும் கத்தினோம், வெட்கத்தைச் சொல்வதென்றால் நான்தான் எல்லாரையும்விடப் பலமாகக் கத்தினேன்.

பாவாயி தரையில் கிடந்தாள். நாற்பத்து மூன்று நாள் நெருப்பு விலாவில் எரிந்துகொண்டிருக்க, அவள் முழங்கையை ஊன்றி அறைக் கதவை நோக்கி ஊர்ந்தாள், பாதி வழியில் நின்று எங்களைத் திரும்பிப் பார்த்தாள். அந்த முகத்தை நான் செத்தாலும் மறக்கமாட்டேன்.

"கத்தாதீங்க" என்றாள். "சாமி, கும்பிடறேன், கத்தாதீங்க. என்ற பொண்ணு சத்தம் எனக்குக் கேக்கல."

நல்லமுத்து மெயினைப் பிடித்து இறக்கினார், எட்டுத் தறியும் நின்றன. நான் முந்தானையைச் சுருட்டி வாயில் திணித்துக்கொண்டேன். குருநாதன் தன் தோளைக் கடித்துக்கொண்டான். அர்த்தனாரி வாயில் மண்ணை அள்ளிப் போட்டுக்கொண்டான். பாவாயி கேட்டாள் என்று ஒருவர் ஒருவராகச் சைகை போய், பக்கத்து வீட்டில் அடங்கியது, அதற்கடுத்த வீட்டில் அடங்கியது, டிரான்ஸ்பார்மர் வரைக்கும் அடங்கியது. உடம்பெல்லாம் எரிய, கண்ணில் நீர் வழிய, அத்தனை பேரும் மூச்சைக்கூட மெதுவாக விட்டோம். எங்கள் தெரு அவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை. உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. வளையல் சத்தம்கூட இல்லை. பாவாயி கதவில் காதை வைத்தபடி கிடந்தாள், நான் அவளைப் பார்த்துக்கொண்டே இருந்தேன், நானே கொன்றுவிட்டேன், அந்த ஏழு எண்ணும் வரை பிடித்து வைத்து நானே கொன்றுவிட்டேன் என்று மட்டும் மனசு சொல்லிக்கொண்டே இருந்தது.

"அம்மா!"

கோகிலாதான். "அம்மா, வலிக்குதும்மா! அய்யோ அம்மா, வலிக்குது!"

முக்கு கண்ணு, முக்கு, அங்கதான், அங்கதான் என்று நர்சம்மா கத்துவது கேட்டது. கோகிலா இன்னொரு முறை கத்தினாள், அதைவிடப் பெரிதாக இன்னொரு முறை, பிறகு தெருவில் அதுவரை யாருமே கேட்டிராத ஒரு சின்னக் குரல்.

அதற்கப்புறம்தான் வாயில் இருந்த துணியை எடுத்துவிட்டு நாங்கள் எல்லாரும் அழுதோம்.